குண்டு கீழ விழுதா? மொதல்ல ரப்பர் சீலைப் பாருங்க! (ஏர் பிஸ்டல் கேள்வி பதில்)

கம்மி காசுல டார்கெட் ஷூட்டிங் பழகணும்னு ஆசைப்படுறவங்க, கையில பழைய ஏர் பிஸ்டலை (காத்து அழுத்தத்துல சுடுறது) வெச்சுக்கிட்டு முழிக்கிறவங்க, எல்லாரும் உங்க கேள்வியைக் கேளுங்கன்னு போன இதழ்ல ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தாங்க. வந்ததுல பாதிப் பேரு கேட்டது ஒரே கேள்விதான், எந்த மாடல்ல பவர் ஜாஸ்தின்னு. அதையெல்லாம் அப்படியே ஓரமா வெச்சுட்டேன், 10 மீட்டர் தள்ளி நிக்கிற பேப்பர்ல ஓட்டை போட பவர் எதுக்குங்க? மிச்சம் இருந்த கேள்விகளுக்கு வருவோம்.

சார், நான் காலேஜ்ல படிக்கிறேன். ஏர் பிஸ்டல் வாங்கினா லைசென்ஸ் எடுக்கணுமா? வீட்ல அம்மா போலீஸ் வந்துரும்னு பயப்படுறாங்க. (சேலம் மாணவர்)

அம்மாகிட்ட சொல்லுங்க தம்பி, 2016 ஆயுத விதிகள்படி குழாய் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், குண்டு வெளிய வர்றப்ப அதோட சக்தி 20 ஜூலுக்குள்ள (ஜூல்ங்கிறது சக்தியை அளக்குற அளவு) இருக்கணும், இந்த ரெண்டும் சரியா இருந்தா லைசென்ஸ் வேண்டாம். ரெண்டுல ஒண்ணு தாண்டினாலும் வேணும். போட்டியில சுடுற ஏர் பிஸ்டல் எல்லாமே 4.5 தான், குண்டு சுமாரா வினாடிக்கு 150 மீட்டர் வேகத்துல போகும், கணக்குப் போட்டா 6 ஜூல் கூட வராது. அதனால நீங்க பயப்பட ஒண்ணும் இல்ல. கடையில ஆதார் நகல் கேப்பாங்க, குடுங்க, பில்லை பத்திரமா வெச்சுக்கோங்க, பிஸ்டல் பெட்டிக்குள்ளயே ஒரு நகல் போட்டு வைங்க.

ஆனா லைசென்ஸ் வேண்டாம்னா எங்க வேணா எடுத்துட்டுப் போலாம்னு அர்த்தம் இல்ல. பாக்குறவனுக்கு அது நெஜத் துப்பாக்கி மாதிரிதான் தெரியும், பஸ் ஸ்டாண்டுல பைக்குள்ள இருந்து எட்டிப் பாத்துச்சுன்னா போதும், ஸ்டேஷன்ல உக்காந்து 20 ஜூல் கணக்கு சொல்லிக்கிட்டு இருக்கணும். வீட்ல இருந்து கிளப், கிளப்புல இருந்து வீடு, அதுவும் பூட்டின பெட்டியில. ஹாஸ்டலுக்கு வேண்டவே வேண்டாம். இடுப்புல சொருகி ரீல்ஸ் போடுற நண்பன் யாராவது இருந்தா அவன் கண்ணுல காட்டவே காட்டாதீங்க.

எங்க கிளப்புல ஒரு அண்ணன் அவரோட பழைய பைக்கால் 46எம் பிஸ்டலை கொறஞ்ச விலைக்கு தர்றேங்கிறார். ரொம்ப வருஷமா பெட்டியிலயே கெடந்துச்சாம். சுட்டுப் பாத்தேன், குண்டு டார்கெட்ல ரொம்ப கீழ விழுது, சத்தமும் புஸ்ஸுனு வருது. வாங்கலாமா, விட்ரலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

வாங்குங்க. விலையை மட்டும் இன்னும் கொஞ்சம் கொறைங்க, சீல் (காத்து கசியாம தடுக்குற ரப்பர்) போச்சுன்னு சொல்லிக் கொறைங்க, அது உண்மையும் கூட.

இந்த 46எம் ரஷ்யாவுல இஷெவ்ஸ்க் ஊர்ல செஞ்சது, கம்மி விலையில நெஜமாவே போட்டிக்கு எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு பிஸ்டல் வேணும்னு உலகம் பூரா எத்தனையோ பேர் ஆரம்பிச்சது இதுலதான். பாக்க அழகு கிடையாது, கிரிப், அதாவது கைப்பிடி, மரக்கட்டையை வெட்டி அப்படியே மாட்டின மாதிரி இருக்கும், ஆனா குழாய் அருமையான குழாய், ட்ரிகரும் நல்லாவே செட் பண்ண முடியும். உள்ள ஸ்பிரிங் பிஸ்டன் கெடையாது, கீழ இருக்குற லீவரை முன்னாடி இழுத்து திரும்ப மூடுறீங்கல்ல, அந்த ஒரே அமுக்குல உள்ள காத்து சுருங்கி அறைக்குள்ள அடைஞ்சு நிக்கும், ட்ரிகரைத் தொட்டதும் வால்வு தொறந்து அந்தக் காத்து குண்டைத் தள்ளும், அவ்வளவுதான் மேட்டர். ஸ்பிரிங் உதைக்கிற வேலையே இல்லாததால கையில ஆட்டம் இருக்காது, சிலிண்டர்ல காத்து ரொப்புற செலவும் இல்ல. அந்த ஒரு அமுக்குக் காத்து எங்கயாவது கசிஞ்சா மட்டும் எல்லாம் போச்சு, உங்க கையில இருக்குறது அந்தக் கேஸ்தான்.

எங்க கசியுதுன்னு கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம், காதும் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரும் போதும். மொதல்ல பிஸ்டல்ல குண்டு இல்லன்னு பாத்துக்கோங்க, கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க, பிஸ்டலோட வாய் (குண்டு வெளிய வர்ற முனை) எப்பவும் டார்கெட் பக்கமே இருக்கட்டும், என்ன சோதனை பண்ணாலும் இது மாறக் கூடாது.

லீவரை மூடுறப்ப கடைசியில கை நல்லா அழுத்த வேண்டி வருதா பாருங்க. வரலன்னா, காலிக் குழாயை மூடுற மாதிரி லேசா போச்சுன்னா, பிஸ்டன் தலையில இருக்குற சீல் காஞ்சிருக்கு இல்லன்னா கிழிஞ்சிருக்கு. அழுத்தம் நல்லா வருது, உடனே சுட்டா சத்தமும் நல்லா வருது, ஆனா லீவரை மூடி ரெண்டு மூணு நிமிஷம் விட்டுட்டு சுட்டா புஸ்ஸுங்குதுன்னா வால்வு சீல். அமைதியான ரூம்ல பக்கவாட்டுல காதை வெச்சுக் கேட்டா சின்னதா ஒரு இரைச்சல் கூட கேக்கும், பக்கவாட்டுலன்னு சொன்னேன், வாய்க்கு நேரா யாரும் தலையைக் கொண்டு போகாதீங்க. அழுத்தமும் இருக்கு, காத்தும் நிக்குது, ஆனா குண்டு மட்டும் சோம்பேறியா போகுதுன்னா மூணாவது இடம், குண்டு போடுற வாயைச் சுத்தி இருக்குற சின்ன ஓ-ரிங் (வட்ட ரப்பர் வளையம்). அந்த மூட்டுக்கு மேல டிஷ்யூ பேப்பரை மெல்லிசா கிழிச்சு வெச்சு டார்கெட் பக்கம் சுடுங்க, பேப்பர் படக்குனு பறந்தா காத்து அங்கதான் வெளிய வருது.

வருஷக் கணக்கா பெட்டியில கெடந்ததுன்னு சொல்றீங்க, அப்ப எனக்குத் தெரிஞ்சு பிஸ்டன் சீல் வறண்டு போயிருக்கணும். செலவே இல்லாத வைத்தியத்தை மொதல்ல பாருங்க, சிலிகான் ஆயில் ரெண்டு சொட்டு, சொட்டுன்னா சொட்டுதான், பிஸ்டன் ஓடுற குழாய்க்குள்ள விட்டு லீவரை மெதுவா முன்னயும் பின்னயும் ஓட்டி ஒரு ராத்திரி விட்ருங்க. நெறைய தடவை இதுலயே உயிர் வந்துரும். வரலன்னா மாத்த வேண்டியதுதான், அதுக்கு நீங்க இருக்குற ஊரை விட நல்ல ஊர் கெடையாது, பம்ப் செட்டும் ஹைட்ராலிக் சாமானும் விக்கிற கடை தெருவுக்குத் தெரு இருக்கு. பழைய ஓ-ரிங்கை கையில எடுத்துட்டுப் போய் இதே மாதிரி குடுங்கன்னு கேட்டுட்டு வந்துராதீங்க, அது இத்தனை வருஷமா நசுங்கி இளைச்சுப் போயிருக்கும், அதை அளந்து வாங்கினா புதுசும் லூசாத்தான் இருக்கும். ரிங் உக்கார்ற பள்ளத்தோட அகலம், ஆழம் ரெண்டையும் வெர்னியர் அளவுகோல்ல அளந்து எழுதிட்டுப் போங்க. நைட்ரைல் ரப்பர் போதும், ரொம்ப மெத்துனு இருக்குறதை விட கொஞ்சம் கெட்டியானது நிக்கும். விலை ஒரு டீ வடை காசுதான், அதனால நாலஞ்சு சேத்து வாங்கிருங்க.

மாட்டுறப்ப ரிங்கை ஸ்க்ரூ டிரைவர் முனையால தள்ளாதீங்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழுந்தா திரும்ப அதே புஸ்ஸு. மழுங்கின மூங்கில் குச்சி, இல்ல பல் குத்துற பிளாஸ்டிக் குச்சி போதும். கழட்டுற பின் (சின்ன ஆணி) ஒவ்வொண்ணும் எந்தப் பக்கம் இருந்து வந்துச்சுன்னு போனை எடுத்து கழட்டக் கழட்ட போட்டோ புடிச்சுக்கோங்க, வெள்ளைத் துணி விரிச்சு அது மேல வேலை பாருங்க, கருப்பு ரெக்ஸின் மேசையில விழுந்த சின்ன ஸ்பிரிங்கைத் தேடுற கொடுமை சொல்லி மாளாது. ட்ரிகர் பகுதி தனி யூனிட்டா இருக்கும், சீல் மாத்துறதுக்கு அதைத் தொட வேண்டிய அவசியமே வராது, ஆர்வக் கோளாறுல அதையும் பிரிச்சுராதீங்க.

எல்லாம் முடிஞ்சதும் கிளப்புல வேகம் அளக்குற க்ரோனோ மிஷின் இருந்தா அஞ்சாறு குண்டு விட்டுப் பாருங்க. வேகம் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பரவால்ல, ஒண்ணுக்கொண்ணு பெரிய வித்தியாசம் இல்லாம வந்தா சீல் நல்லா உக்காந்துருச்சுன்னு அர்த்தம். குறி பாக்குற சைட்டை அதுக்கப்புறம் செட் பண்ணுங்க, கசியிற பிஸ்டலுக்கு சைட்டை மேல ஏத்தி ஏத்தி சமாளிச்சவங்களை நெறைய பாத்திருக்கேன்.

நம்ம நாட்டுல செஞ்ச ஸ்பிரிங் பிஸ்டல் வெச்சிருக்கேன். பத்து ஷாட்டுக்கு ஒரு தடவை டமால்னு வெடி மாதிரி சத்தம், வாயில இருந்து புகை. தேங்காய் எண்ணெய் போட்டு நல்லாத்தான் வெச்சிருக்கேன். (நாகர்கோவில் வாசகர்)

தேங்காய் எண்ணெயா! தலைக்குத் தேய்ங்க சார்.

ஸ்பிரிங் பிஸ்டல்ல பிஸ்டன் பாய்ஞ்சு வர்ற வேகத்துல காத்து சட்டுனு சுருங்கி பயங்கரமா சூடாகும், அங்க எண்ணெய் இருந்தா பத்திக்கும், டீசல் இன்ஜின் ஓடுற அதே தத்துவம். அதான் டமாலும் புகையும். பவர் ஏறுதுன்னு சில பேர் இதை வேணும்னே பண்றாங்க, ஒவ்வொரு வெடிக்கும் பிஸ்டன் சீல் கருகும், ஸ்பிரிங் அடிபடும், குண்டும் ஒவ்வொண்ணு ஒவ்வொரு இடத்துல போகும், டார்கெட்டுக்கு சுடுறவனுக்கு இதால என்ன லாபம் சொல்லுங்க. இது போதாதுன்னு தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சு போகும், மார்கழி காலையில உங்க பிஸ்டல் உள்ள வெண்ணெய் மாதிரி அப்பிக்கிட்டு இருக்கும். தையல் மிஷின் எண்ணெயை வெளிப்பக்க இரும்புல துரு பிடிக்காம துணியில தொட்டுத் துடைக்கலாம், உள்ள விடக் கூடாது. ஸ்பிரிங்குக்கு மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ், அதுவும் விரல்ல லேசா தடவுற அளவு.

உள்ள இருக்குற எண்ணெயை எடுக்க பிரிக்கணும்னா கடையில குடுங்க. இந்த ஸ்பிரிங் அமுங்கின நிலையிலயே உள்ள இருக்கு, பிடிச்சு வைக்கிற கிளாம்ப் இல்லாம பின்னைத் தட்டினீங்கன்னா மூடி மூஞ்சிக்குத்தான் வரும். இன்னொண்ணு, குண்டு போடாம வெறுமனே சுட்டுப் பாக்குற பழக்கம் ஸ்பிரிங் பிஸ்டலுக்கு ஆகாது, முன்னாடி தடுக்க ஒண்ணும் இல்லாம பிஸ்டன் போய் நேரா இரும்புல முட்டும்.

ட்ரிகர் ரொம்ப ஹெவியா இருக்கு. யூடியூப்ல ஒருத்தர் உள்ள இருக்குற கொக்கியை அரம் போட்டுத் தேய்ச்சு பட்டர் மாதிரி ஆக்கிக் காட்டுறார், பண்ணலாமா? (திருச்சி வாசகர்)

கூடவே கூடாது. அந்தக் கொக்கி முனையில கடினப்படுத்தின இரும்பு மேல்தோல் மட்டும்தான், அதைத் தேய்ச்சு எடுத்துட்டா கீழ இருக்குற மெத்து இரும்பு கொஞ்ச நாள்ல வழுக்க ஆரம்பிக்கும், அப்புறம் லீவரை மூடுறப்பவே வெடிக்கும், கையை வெச்சிருக்குறப்பவே வெடிக்கும். வீடியோ போட்டவர் ஆறு மாசம் கழிச்சு என்ன ஆச்சுன்னு இன்னொரு வீடியோ போட மாட்டார்.

நீங்க பண்ண வேண்டியது வேற. டார்கெட் பிஸ்டல்ல ட்ரிகருக்கு மூணு ஸ்க்ரூவாவது இருக்கும், ட்ரிகரை இழுக்க வேண்டிய எடைக்கு ஒண்ணு, மொதல் கட்ட ஓட்டத்துக்கு (வெடிக்குறதுக்கு முன்னாடி ட்ரிகர் லேசா நகர்ற தூரம்) ஒண்ணு, சுட்டப்புறம் ட்ரிகர் எங்க நிக்கணும்ங்கிறதுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணா, கால் சுத்து திருப்பி, திருப்பினதை நோட்டுல எழுதி வைங்க. போட்டியில ஏர் பிஸ்டலுக்கு ட்ரிகர் எடை 500 கிராமுக்குக் கொறையக் கூடாது, துப்பாக்கியை வாய் மேல பாத்து நிக்க வெச்சு ட்ரிகர்ல 500 கிராம் கட்டியை மாட்டித் தூக்கிக் காட்டணும், மூணு தடவை வாய்ப்பு குடுப்பாங்க. அதனால சரியா 500ல வைக்காம கொஞ்சம் மேலயே வைங்க, வெயில், தூசி எல்லாத்துக்கும் எடை லேசா மாறும். பிஸ்டலோட மொத்த எடை 1500 கிராமுக்குள்ள இருக்கணும்ங்கிறதையும் இப்பவே தெரிஞ்சு வெச்சுக்கோங்க, கிரிப்புல ஈயம் ஒட்டுறேன்னு கெளம்புவீங்க.

ஸ்க்ரூவே இல்லாத பிளாஸ்டிக் ட்ரிகர் மாடலா இருந்தா, அதை மாத்த முடியாது, அதோட பழகுங்க. ஹெவி ட்ரிகர்ல பழகின விரல் நல்ல ட்ரிகர் கெடைச்சதும் சந்தோஷப்படும்.

எனக்கு எல்லா குண்டும் இடது பக்கம் கீழயே போகுது. சைட் கெட்டுப் போச்சா?

வலது கைக்காரரா நீங்க? அப்ப சைட்டைத் தொடாதீங்க. அதே பிஸ்டலைக் கிளப்புல நல்லா சுடுற ஒருத்தர்கிட்ட குடுத்து அஞ்சு குண்டு சுடச் சொல்லுங்க. அவருக்கு நடுவுல விழுந்துச்சுன்னா நீங்க கடைசி நேரத்துல ட்ரிகரை வெடுக்குனு இழுக்குறீங்க. வெள்ளைச் சுவரைப் பாத்து, குண்டு இல்லாம, டிரை பயர் (குண்டு போடாம ட்ரிகரை இழுத்துப் பழகுறது) வசதி உள்ள பிஸ்டல்ல தினம் கொஞ்ச நேரம் பழகுங்க, முன் சைட் அசையுதான்னு மட்டும் பாருங்க.

என் பையனுக்கு 13 வயசு. ஒலிம்பிக்ல சுடுற மாதிரி வெளிநாட்டு பிஸ்டல் வாங்கினாதான் மெடல் வரும்னு கோச் சொல்றார். ரெண்டு லட்சம்ங்கிறாங்க. நகையை வெக்கலாமான்னு யோசிக்கிறோம். (மதுரை, ஒரு அம்மா)

அம்மா, நகையை எடுத்து உள்ள வைங்க மொதல்ல.

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் டார்கெட்ல பத்துப் பாயின்ட் வட்டம் 11.5 மில்லிமீட்டர், நம்ம சட்டைப் பட்டன் அளவு. நல்ல நெலமையில இருக்குற ஒரு பழைய பிஸ்டலை ஸ்டாண்டுல கட்டி வெச்சு சுட்டா அந்த வட்டத்துக்குள்ள குண்டு மேல குண்டு விழும். அதாவது பத்து விழாததுக்குக் காரணம் பிஸ்டல் இல்ல, பையனோட தோளும் மூச்சும் விரலும்தான், அதுக்கு வருஷங்கள் ஆகும். 13 வயசுல கை இன்னும் வளர்ற கை, இன்னைக்கு செதுக்கி வாங்குற கிரிப் அடுத்த வருஷம் பத்தாது. கிளப் துப்பாக்கியில ஒரு வருஷமாவது சுடட்டும், அந்தப் பணத்துல ஒரு பகுதியை குண்டுக்கும் கிளப் ஃபீஸுக்கும் நல்ல ஷூவுக்கும் ஒதுக்குங்க. மாவட்ட, மாநிலப் போட்டியில ஸ்கோர் ஏற ஏற அப்புறம் பாத்துக்கலாம், நல்ல ஸ்கோர் உள்ள ஷூட்டர்களுக்கு வெளிநாட்டுல இருந்து எறக்குமதி பண்ண சலுகையும் இருக்கு, தேசிய ரைபிள் சங்கம் வழியா அதுக்கு வழி இருக்கு. அதுவும் இல்லாம மேல போறவங்க தங்களோட பிஸ்டலை மாத்துறப்ப பழசு கிளப்புக்குள்ளயே கைமாறும், அதுல ஒண்ணு பிடிக்கலாம்.

விலை ஜாஸ்தின்னா ரிப்பேரே வராதுன்னும் நெனைக்காதீங்க. நம்ம நாட்டு ஷூட்டர் மனு பாக்கருக்கு 2021 டோக்கியோ ஒலிம்பிக்ல தகுதிச்சுற்று நடந்துக்கிட்டு இருக்குறப்பவே பிஸ்டல்ல லீவர் உடைஞ்சு, வெளிய எடுத்துட்டுப் போய் சரி பண்ணி வர்றதுக்குள்ள கால் மணி நேரத்துக்கு மேல போச்சு. 60 குண்டை முடிக்க மொத்தமே 75 நிமிஷம்தான் குடுப்பாங்க. மிச்ச நேரத்துல அடிச்சுப் பிடிச்சு சுட்டு 575 எடுத்தாங்க, ஃபைனலுக்கு 577 வேண்டியிருந்துச்சு, ரெண்டே பாயின்ட்ல 12வது எடம். அந்தப் பொண்ணு மூணு வருஷம் கழிச்சு 2024 பாரிஸ்ல அதே பத்து மீட்டர்ல வெண்கலம், அப்புறம் சரப்ஜோத் சிங்கோட சேர்ந்து கலப்பு அணியில இன்னொரு வெண்கலம்.

அப்புறம் ஒண்ணு, அந்தக் குண்டு எல்லாம் ஈயம். பையன் ரேஞ்சுல இருந்து வந்ததும் சோப்பு போட்டு கை கழுவாம தட்டுல கை வைக்கவே கூடாது, பாக்கெட்ல குண்டு போட்டுக்கிட்டு வர்றது, வாயில வெச்சுக்கிறது எல்லாம் பாத்தீங்கன்னா நல்லா திட்டுங்க.

தோட்டத்துல மயில், கிளித் தொல்லை. ஏர் பிஸ்டலால சும்மா பயமுறுத்தலாமா?

இல்லை. மயிலு, கிளி ரெண்டுமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது. ஜெயில்.

என் அப்பாவுக்கு 75 வயசு. லைசென்ஸோட ஒரு கான்பூர் .32 ரிவால்வர் வெச்சிருக்கார். சிலிண்டர் சரியா சுத்த மாட்டேங்குது. நான் லேத் பட்டறை வெச்சிருக்கேன், நானே சரி பண்ணி ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா? (ஈரோடு வாசகர்)

பட்டறைப் பக்கமே கொண்டு போகாதீங்க. ஏர் பிஸ்டல் கதை வேற, இது வேற. நெஜத் துப்பாக்கியை ரிப்பேர் பண்றதுக்கே தனி லைசென்ஸ் வேணும், 1959 ஆயுதச் சட்டம் அஞ்சாவது பிரிவு, நீங்க எவ்ளோ பெரிய டர்னரா இருந்தாலும் அது இல்லாம தொட்டா உங்க மேல கேஸ், அப்பாவோட லைசென்ஸும் போகும். அதே சட்டத்துல உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கு, லைசென்ஸ்காரர் எழுதிக் குடுத்தா ரிப்பேருக்காக இன்னொருத்தர் எடுத்துட்டுப் போலாம். அதனால அப்பாகிட்ட தேதி போட்டு, துப்பாக்கி நம்பர் போட்டு, எந்தக் கடைக்குன்னு எழுதி கையெழுத்து வாங்கி, லைசென்ஸ் புக்கோட, குண்டு இல்லாம, ரிப்பேர் லைசென்ஸ் உள்ள கடைக்கு எடுத்துட்டுப் போங்க. அப்பா கூடவே வந்தா இன்னும் நல்லது.

டார்கெட்டுக்கு அது ஆகுமான்னு கேட்டா, .32 அளவு 25 மீட்டர் சென்டர் ஃபயர் (தோட்டாவோட அடி நடுவுல அடிச்சு வெடிக்கிற வகை) போட்டிக்கு அனுமதி உள்ள அளவுதான், ஆனா அந்த ரிவால்வர் குட்டைக் குழாய், சின்ன சைட், தற்காப்புக்குன்னு செஞ்சது. ஒரு ஷாட்டுக்கு ஆகுற செலவுல ஒரு கை நெறைய ஏர் பெல்லட் வாங்கலாம். ஆசையா இருந்தா நீங்க தனியா ஏர் பிஸ்டல்ல ஆரம்பிங்க. தேர்தல் வந்தா ஸ்டேஷன்லயோ டீலர்கிட்டயோ ஒப்படைக்கச் சொல்வாங்க, அப்பாவுக்கு ஞாபகப்படுத்துங்க. லைசென்ஸ்காரர் காலத்துக்கு அப்புறமும் அதை வீட்டு பீரோவுல வெச்சிருக்கக் கூடாது, உடனே ஒப்படைச்சுட்டு வாரிசு பேர்ல மனு குடுக்கணும், இதைத் தெரியாம மாட்டிக்கிற குடும்பங்கள் நெறைய.

மொட்டை மாடில பத்து மீட்டர் இருக்கு. டார்கெட் வெச்சு சுடலாமா? கூர் குண்டு நல்லதா, தட்டைக் குண்டா?

பின்னாடி என்ன இருக்குன்னு சொல்லவே இல்லையே நீங்க. பக்கத்து வீட்டு மாடியில துணி காயப் போடுறாங்கன்னா வேண்டாம். சுவர் இருந்தாலும் நேரா சுவர்ல சுட்டா குண்டு உங்களைத் தேடித் திரும்பி வரும், ரெண்டு மில்லிமீட்டர் இரும்புத் தகடை சாய்வா வெச்சு குண்டு கீழ விழுற மாதிரி ஒரு பெட்டி செஞ்சு, அதுக்குப் பின்னாடி கெட்டியா பழைய ரப்பர் மேட் தொங்க விடுங்க. டார்கெட் நடு தரையில இருந்து 1.4 மீட்டர் உயரத்துல வரணும். மாடிக் கதவு உங்க முதுகுப் பக்கம் இருக்கணும், யாரும் டார்கெட் பக்கம் இருந்து வர வழியே இருக்கக் கூடாது. நீங்க சுடுற நேரத்துல அக்கம்பக்கத்துல ஒரு வார்த்தை சொல்லி வெச்சாலும் நல்லதுதான், இல்லன்னா யாராவது 100க்கு போன் போட்ருவாங்க.

தட்டைக் குண்டுதான். அது பேப்பரை வட்டமா வெட்டிட்டுப் போகும், ஸ்கோர் பாக்க சண்டை வராது, கூர் குண்டு ஓரத்தைக் கிழிச்சுரும். வெவ்வேற கம்பெனியில சின்ன டப்பா வாங்கி உங்க பிஸ்டலுக்கு எது ஒத்துப் போகுதுன்னு பாத்துட்டு அப்புறம் மொத்தமா வாங்குங்க, கீழ விழுந்து பாவாடை (குண்டோட பின்பக்க மெல்லிசு விளிம்பு) நசுங்கின குண்டை போட்டியில போடாதீங்க.

கம்ப்ரெஸ்டு ஏர் பிஸ்டல் (சிலிண்டர்ல அடைச்ச காத்துல சுடுறது) ஒண்ணு சல்லிசா கெடைக்குது. ஆனா சிலிண்டர்ல தேதி முடிஞ்சிருக்கு. ஒண்ணும் ஆகாதுங்கிறாங்க, கேஸ் வெல்டிங் கடையில டெஸ்ட் பண்ணித் தருவாங்களாம். (திருப்பூர் வாசகர்)

200 பார் அழுத்தத்துல இருக்குற காத்து அது, உங்க பைக் டயர்ல இருக்குறதை விட சுமார் நூறு மடங்கு. கம்பெனிக்காரங்களே பத்து வருஷம்னு தேதி அடிச்சுத் தர்றாங்க, தேதி முடிஞ்ச சிலிண்டரை போட்டியிலயும் எடுத்துட்டு வரக் கூடாது. வெல்டிங் கடை டெஸ்ட்டுக்கு எல்லாம் மதிப்பு இல்ல. பிஸ்டல் மத்தபடி நல்லா இருந்தா, புது சிலிண்டர் விலையை விசாரிச்சு, அதை மொத்த விலையில கழிச்சுட்டுப் பேசுங்க, அப்பவும் சல்லிசா இருந்தா வாங்குங்க. பழைய சிலிண்டரை ஒரு தடவை கூட ரொப்பாதீங்க, ரொப்புறவரு பக்கத்துல நிப்பாருல்ல. கை பம்ப்ல ரொப்புறதா இருந்தா நடுவுல நிறுத்தி நிறுத்தி அடிச்சு பம்ப்ல சேர்ற தண்ணியை வெளிய விடுங்க, நம்ம ஊர் ஈரக் காத்துக்கு அது நெறையவே வரும், உள்ள போனா காத்து அழுத்தத்தைச் சீரா வெக்கிற ரெகுலேட்டர் அரிச்சுரும். அந்த இணைப்புகள்ல சிலிகான் தவிர வேற எண்ணெய், கிரீஸ் எதுவும் படக் கூடாது, நாகர்கோவில்காரருக்கு சொன்னதை விட இங்க பல மடங்கு ஆபத்து.

நான் இடது கைக்காரி. செகண்ட் ஹேண்ட்ல வர்றதெல்லாம் வலது கை கிரிப்பாவே இருக்கு. (தூத்துக்குடி வாசகி)

பிஸ்டலை வாங்கிருங்க, கிரிப் தனியா கழட்டி மாட்டுறதுதான். இடது கை கிரிப் கெடைக்குற வரைக்கும் காத்திருக்காம, மரச்சிற்பம் செய்யுற ஆசாரி யாராவது இருந்தா பழைய கிரிப்பைக் காட்டி கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பிச் செதுக்கச் சொல்லுங்க, ஸ்க்ரூ ஓட்டை மட்டும் மில்லிமீட்டர் சுத்தமா வரணும். உள்ளங்கையில இடைவெளி தெரியிற எடத்துல எம்-சீல் பிசைஞ்சு அப்பி, பாலிதீன் கவர் போட்ட கையால அமுக்கிப் பிடிச்சு அச்சு எடுங்க, காஞ்சதும் உப்புத்தாள் போட்டு நெரடல் எடுங்க. மணிக்கட்டைத் தாங்குற அளவுக்கு மட்டும் பின்னாடி நீட்டிராதீங்க, போட்டியில சோதிக்கிறவங்க மொதல்ல பாக்குறது அதைத்தான்.